1,000 மணி நேரம் செதுக்கிய ஜாடி... சூளையில் விழுந்த விரிசல்! பீங்கான் ரகசியத்தை ஊருக்கே சொல்லிக்கொடுத்த அடிலெய்ட் ராபினோ யார்?

ஒரே ஒரு ஜாடி. உயரம் சுமார் 42 சென்டிமீட்டர்தான். ஆனால் அதைச் செதுக்க ஆன நேரம் 1,000 மணி நேரத்துக்கும் மேல். தினமும் 8 மணி நேரம் வேலை செய்தார் என்று வைத்துக்கொண்டாலும் நான்கு மாதங்களைத் தாண்டும். அவ்வளவு உழைப்பும் முடிந்து, சூளைக்குள் வைத்துச் சுட்டு வெளியே எடுத்தால்... அடிப்பாகத்தில் வாய் பிளந்த விரிசல்!

1910-ல், அமெரிக்காவின் மிசௌரி மாகாணத்தில் நடந்த சம்பவம் இது. அந்த ஜாடியைச் செய்தவர் அடிலெய்ட் ஆல்சாப் ராபினோ. அப்போது அவருக்கு 45 வயது. அமெரிக்கப் பீங்கான் கலையின் வரலாற்றை எழுதினால் இவர் பெயரைத் தவிர்க்கவே முடியாது.

ஆனால் அவரை வெறும் பெரிய கலைஞர் என்று சொல்லிவிட்டுப் போனால் பாதிக் கதைதான் தெரியும். நூற்றாண்டுகளாகப் பூட்டி வைக்கப்பட்டிருந்த ஒரு தொழிலின் நுணுக்கங்களை, மாதாமாதம் அச்சடித்து வீடுகளுக்கு அனுப்பியவர் அவர். அந்த மறுபாதிக் கதையையும் சேர்த்துப் பார்க்கலாம்.

பீங்கானில் அப்படி என்ன ரகசியம்?

மண்பானையும் மண்ணில் செய்வதுதான், பீங்கானும் மண்ணில் செய்வதுதான். பிறகு என்ன வித்தியாசம்?

பீங்கானுக்கு சாதாரணக் களிமண் போதாது. கயோலின் எனப்படும் வெள்ளைக் களிமண், ஃபெல்ட்ஸ்பார் வகைக் கல், குவார்ட்ஸ் இவை மூன்றும் சரியான அளவில் சேர வேண்டும். சுமார் 1,300 டிகிரி செல்சியஸ் வரை சூடேற்ற வேண்டும். அந்தச் சூட்டில்தான் மண் பாதி உருகி, கண்ணாடிபோல இறுகும். வெளிச்சத்துக்கு எதிரே பிடித்தால் மெல்லிய பீங்கான் கோப்பைக்குள் விரல் நிழல் தெரிவது இதனால்தான்.

சீனாவில் இந்த வித்தை ஆயிரம் ஆண்டுகளுக்கு முன்பே தெரியும். ஐரோப்பாவுக்குத் தெரியாது. கப்பல் கப்பலாக வாங்கிக் குவித்தார்களே தவிர, செய்யத் தெரியவில்லை. 1708 வாக்கில்தான் ஜெர்மனியின் சாக்சனியில் பாட்கர் என்ற ரசவாதி இதைக் கண்டுபிடித்தார். அதுவும் சுதந்திரமாக இருந்து அல்ல, அந்நாட்டு மன்னர் அகஸ்டஸின் காவலில் இருந்தபடி!

1710-ல் மைசன் நகரக் கோட்டைக்குள் தொழிற்சாலை வந்தது. கோட்டையைத் தேர்வு செய்ததற்குக் காரணம், ரகசியம் வெளியே போகக் கூடாது என்பதுதான். ஆனாலும் சில ஆண்டுகளிலேயே அங்கிருந்து நழுவிய தொழிலாளிகள் மூலம் வியன்னாவுக்கு விஷயம் போய்விட்டது.

பீங்கானின் கதை முழுக்க இப்படித்தான். தெரிந்தவர் சொல்ல மாட்டார், தெரியாதவர் திருடப் பார்ப்பார். இந்தப் பின்னணியில்தான் அடிலெய்டின் வாழ்க்கையைப் பார்க்க வேண்டும்.

வீட்டுக்கு வீடு பீங்கான் ஓவியம்

அடிலெய்ட் பிறந்தது 1865-ல், அமெரிக்காவின் கனெக்டிகட் மாகாணத்தில் உள்ள மிடில்டவுன் என்ற ஊரில். அமெரிக்க உள்நாட்டுப் போர் முடிந்த ஆண்டு அது.

அவர் சிறுமியாக இருந்தபோது ஒரு புதிய மோகம் நாட்டைப் பிடித்தது. அதுதான் பீங்கான் ஓவியம். 1876-ல் ஃபிலடெல்ஃபியாவில் நடந்த நூற்றாண்டுக் கண்காட்சியில் வெளிநாட்டுப் பீங்கான்களைப் பார்த்தவர்களிடம் ஆர்வம் பற்றிக்கொண்டது. அடுத்த ஆண்டே, சின்சினாட்டியைச் சேர்ந்த மேரி லூயிஸ் மெக்லாக்லின், வீட்டிலிருந்தே பீங்கானில் வரைவது எப்படி என்று கையேடு போட்டார். நடுத்தரக் குடும்பத்துப் பெண்கள் ஆயிரக்கணக்கில் தூரிகையைக் கையில் எடுத்தார்கள்.

இதுல கவனிக்க வேண்டிய ஒரு விஷயம் இருக்கு. அந்தப் பெண்கள் தட்டையோ கோப்பையையோ செய்யவில்லை. பிரான்ஸின் லிமோஜ் போன்ற ஊர்களிலிருந்து வெள்ளைத் தட்டுகள் தயாராக வந்து இறங்கும். அதை வாங்கி, மேலே பூவும் கொடியும் வரைவார்கள். அவ்வளவுதான்.

'அவ்வளவுதான்' என்று சொன்னாலும், அந்த வேலையும் லேசுப்பட்டதல்ல. உலோகத் தாதுக்களை அரைத்துச் செய்த வண்ணப் பொடியை எண்ணெயில் குழைத்து, வழுவழுப்பான பளபளப்பின் மேல் தீட்ட வேண்டும். பிறகு சின்னச் சூளையில் வைத்து சுமார் 700 முதல் 800 டிகிரியில் சுட வேண்டும். தீட்டும்போது ஒரு நிறம், சுட்டபிறகு வேறு நிறம்! எந்தப் பொடி எந்தச் சூட்டில் என்னவாகும் என்பது சுட்டுச் சுட்டுப் பார்த்தவர்களுக்குத்தான் தெரியும். ஒரே தட்டை மூன்று நான்கு முறை சூளைக்குள் அனுப்புவதும் உண்டு. ஒவ்வொரு முறையும் உடையும் அபாயமும் உண்டு.

இதை அடிலெய்ட் பெரும்பாலும் புத்தகங்களைப் பார்த்தே கற்றுக்கொண்டார். கற்றதும் சும்மா இருக்கவில்லை. மின்னசோட்டா மாகாணத்தின் ஃபாரிபோ நகரில், தான் படித்த செயின்ட் மேரீஸ் ஹால் பள்ளியிலேயே பீங்கான் ஓவிய ஆசிரியையாகச் சேர்ந்தார். அதாவது, கலைஞர் என்று பெயர் வாங்குவதற்கு முன்பே அவர் டீச்சர்!

நியூயார்க்கில் கிடைத்த கண்

அதன்பிறகு நியூயார்க் போனார். அங்கே அப்போது புகழின் உச்சியில் இருந்த ஓவியர் வில்லியம் மெரிட் சேஸிடம் ஓவியம் பயின்றார். நீர்வண்ண ஓவியங்களும் தந்தத்தின் மேல் குறும்படங்களும் வரைந்தார். ஆனால் பிழைப்புக்கு வழி செய்தது பீங்கான் ஓவியமும் அதைச் சொல்லிக்கொடுக்கும் வகுப்புகளும்தான்.

அந்தக் காலத்து விமர்சகர்கள் பலரும் பீங்கான் ஓவியத்தை ஒரு கலையாகவே மதிக்கவில்லை. பொழுதுபோகாத பெண்களின் வேலை என்ற ஏளனம் இருந்தது. அதில் கொஞ்சம் உண்மையும் இருந்தது. ரோஜாப்பூவை அப்படியே காப்பியடித்துத் தட்டில் ஒட்டியதுபோல் வரைவதுதான் அப்போதைய ஃபேஷன். தட்டின் வடிவத்துக்கும் படத்துக்கும் சம்பந்தமே இருக்காது.

இதை மாற்ற வேண்டும் என்று அடிலெய்ட் நினைத்தார். பாத்திரத்தின் வளைவுக்கு ஏற்ப வடிவம் அமைய வேண்டும், பூவைப் பிரதி எடுக்காமல் கோலம்போல் அலங்கார வடிவமாக எளிமைப்படுத்த வேண்டும் என்பது அவர் பிடித்த பிடி. அதைத் தன் மாணவிகளுக்கு மட்டும் சொன்னால் போதுமா? இன்னும் பெரிய வகுப்பறை வேண்டியிருந்தது.

1899: ஒரே ஆண்டில் கல்யாணமும் பத்திரிகையும்

1899-ல் சாமுவேல் எட்வார்ட் ராபினோ என்ற பிரெஞ்சுக்காரரைத் திருமணம் செய்துகொண்டார் அடிலெய்ட். அதே ஆண்டு மே மாதம், கணவரோடும் ஜார்ஜ் கிளார்க் என்ற பங்குதாரரோடும் சேர்ந்து 'கெராமிக் ஸ்டூடியோ' என்ற மாத இதழைத் தொடங்கினார். ஆசிரியர் பொறுப்பு அடிலெய்டுக்கு. கணக்கு வழக்கும் நிர்வாகமும் சாமுவேலுக்கு.

இன்றைக்கு யூடியூப்பில் ஒரு சமையல் சேனல் என்ன செய்கிறதோ, அன்றைக்கு இந்த இதழ் அதைத்தான் செய்தது. வண்ணத்தில் அச்சிட்ட வடிவமைப்புகள் வரும். எந்தப் பகுதிக்கு எந்த வண்ணம், எத்தனை முறை சுட வேண்டும் என்ற குறிப்புகள் வரும். மற்ற கலைஞர்கள், மாணவர்களின் வேலைகளும் இடம்பெறும். பெரிய நகரத்துக்குப் போய் ஓவியப் பள்ளியில் சேர வசதியில்லாத பெண்களுக்கு, தபாலில் வந்த பள்ளிக்கூடம் அது. அந்தப் பெண்களில் பலருக்கு இது பொழுதுபோக்கு மட்டுமல்ல, வரைந்து விற்றும் வகுப்பெடுத்தும் சம்பாதிக்க ஒரு வழி.

சில ஆண்டுகளில் குடும்பமும் இதழும் நியூயார்க் மாகாணத்தின் சிராகியூஸ் நகரில் நிலைகொண்டன. மூன்று குழந்தைகள் பிறந்தார்கள். வீட்டுக்கு 'ஃபோர் விண்ட்ஸ்' என்று பெயர். பக்கத்திலேயே தனியாக ஒரு ஸ்டூடியோ எழும்பியது.

தட்டில் வரைந்தவர் மண்ணைத் தொட்டது ஏன்?

கதை திரும்புவது இங்கேதான். பத்திரிகை நன்றாகப் போகிறது, பீங்கான் ஓவியத்தில் பெயரும் இருக்கிறது. அப்படியே போயிருக்கலாம். ஆனால் அடிலெய்டுக்கு ஒரு உறுத்தல். யாரோ எங்கோ செய்த தட்டின் மேல் வரைவது எப்படித் தன்னுடைய முழுப் படைப்பு ஆகும்?

பாத்திரத்தின் வடிவம், அலங்காரம், பூச்சு எல்லாம் ஒரே கையிலிருந்து வர வேண்டும் என்று முடிவெடுத்தார். அப்போது அவருக்கு வயது 35-ஐத் தாண்டிவிட்டது. கைக்குழந்தை இருந்தது. மாதாமாதம் பத்திரிகை கொண்டுவர வேண்டும். அந்த நிலையில் சக்கரத்தின் முன் உட்கார்ந்து அடிப்படையிலிருந்து கற்கத் தொடங்கினார்.

ஆல்ஃபிரட் நகரில் அரசு மண்பாண்டக் கலைப் பள்ளியை நடத்திய சார்லஸ் ஃபெர்கஸ் பின்ஸிடம் கோடைகால வகுப்பில் சேர்ந்தார். பிரான்ஸின் செவ்ர் தொழிற்சாலையைச் சேர்ந்த டக்ஸீல் டோவா, உயர்வெப்பப் பீங்கான் பற்றி எழுதிய நுட்ப நூல் இன்னொரு ஆசான். அதை சாமுவேல் ஆங்கிலத்தில் மொழிபெயர்த்தார்.

இதில்தான் ராபினோ தம்பதியின் குணம் தெரிகிறது. கையில் கிடைத்த அந்தத் தொழில்நுட்பக் குறிப்புகளைத் தங்களுக்குள் வைத்துக்கொள்ளவில்லை. தங்கள் இதழில் வெளியிட்டார்கள். 1905-ல் புத்தகமாகவும் போட்டார்கள். மண் கலவை, சூளை அமைப்பு, பூச்சு என எல்லாம் அதில் இருந்தது. அடிலெய்ட் எதைப் படித்துக் கற்றாரோ, அதையே அவருடைய போட்டியாளர்களும் படிக்க முடிந்தது.

பிஸ்கட்போல நொறுங்கும் மண்ணில் செதுக்கல்

பீங்கான் மண் சக்கரத்தில் லேசில் அடங்காது. சாதாரணக் களிமண்ணுக்கு இருக்கும் பிசுபிசுப்பும் இழுவையும் இதற்குக் கிடையாது. கொஞ்சம் உயர்த்தினால் சரியும். காயும்போது விரிசல் விடும். சூளையில் நன்றாகச் சுருங்கும். அந்தச் சுருக்கம் எல்லாப் பக்கமும் ஒரே சீராக இல்லையென்றால் கோணும், இல்லையென்றால் வெடிக்கும்.

அடிலெய்ட் எடுத்துக்கொண்ட முறை அதைவிடக் கஷ்டமானது. பாத்திரம் முழுதாகக் காய்ந்த பிறகு, சுடுவதற்கு முன்பு, கூரிய கருவிகளால் செதுக்குவார். அந்த நிலையில் மண் பிஸ்கட்போல இருக்கும். கை கொஞ்சம் அழுத்தினால் உடைந்துபோகும். ஒட்டவைக்க வழியில்லை. உருவத்தைச் சுற்றியுள்ள மண்ணைச் சுரண்டி எடுத்து, உருவம் மட்டும் புடைத்து நிற்கும்படி விடுவார். சில இடங்களில் சல்லடைபோல ஊடுருவத் துளையிடுவார்.

ஒரு பாத்திரத்துக்கு வாரக்கணக்கில், சிலவற்றுக்கு மாதக்கணக்கில் இந்த வேலை நடக்கும். அதன்பிறகும் முடிவு அவர் கையில் இல்லை, நெருப்பின் கையில்.

பூச்சிலும் அவர் சோதனைகளை நிறுத்தவில்லை. கிளேஸ் எனப்படும் கண்ணாடிப் பூச்சில் துத்தநாகம் சேர்த்து, சூளையை மெதுவாகக் குளிரவைத்தால் பூச்சுக்குள்ளேயே படிகங்கள் பூக்கும். சர்க்கரைப் பாகு ஆறும்போது கல்கண்டு படிவதுபோல. சூட்டில் சிறு மாற்றம் நேர்ந்தாலும் படிகம் வராது, அல்லது பூச்சு வழிந்து பாத்திரம் சூளைத்தட்டோடு ஒட்டிக்கொள்ளும். இந்தப் படிகப் பூச்சுப் பாத்திரங்களை 1904-ல் செயின்ட் லூயிஸ் உலகக் கண்காட்சியில் வைத்தார்.

தொடக்கத்தில் வருமானத்துக்காக அச்சில் வார்த்த பொருட்களையும், கதவுக் குமிழ்களையும்கூடச் செய்து பார்த்தார்கள். ஆனால் ஒரே மாதிரிப் பொருளைத் திரும்பத் திரும்பச் செய்வதில் அடிலெய்டுக்கு மனம் ஒட்டவில்லை. அதை விட்டுவிட்டார். பிறகு செய்ததெல்லாம் தனித்தனிப் படைப்புகள். 1905-ல் வைக்கிங் கப்பல் ஜாடி, 1908-ல் நண்டு ஜாடி எனப் பெயர் சொல்லும் வேலைகள் வரத் தொடங்கின. சூளையைக் கவனிப்பதிலும் பூச்சுகளைச் சோதிப்பதிலும் சாமுவேல் கூடவே நின்றார்.

ஒரு உண்மையைச் சொல்ல வேண்டும். அந்தப் பாத்திரங்கள் குடும்பத்துக்குச் சோறு போடவில்லை. ஒரு ஜாடிக்கு ஆகும் நேரத்தைக் கணக்கிட்டால் எந்த விலையும் கட்டுப்படியாகாது. வீட்டை ஓட்டியது பத்திரிகைதான். அந்தப் பத்திரிகையின் வாசகர்களோ வெள்ளைத் தட்டில் வரையும் பெண்கள். அதனால், தான் கைவிட்டுவிட்ட ஓவிய முறையையே மாதாமாதம் பொறுமையாகச் சொல்லிக்கொடுத்துக்கொண்டிருந்தார் அடிலெய்ட். அவர் முன்னே போய்விட்டாலும் வாசகர்களை நடுவழியில் விடவில்லை.

பெண்களுக்காக ஒரு பல்கலைக்கழகம்... அங்கே வந்த அழைப்பு

செயின்ட் லூயிஸ் அருகே யுனிவர்சிட்டி சிட்டி என்ற புது ஊரை உருவாக்கியவர் எட்வர்ட் கார்ட்னர் லூயிஸ். பத்திரிகை முதலாளி. பெண்களுக்கு அஞ்சல்வழிக் கல்வி கொடுக்க 'அமெரிக்கன் உமன்ஸ் லீக்' என்ற அமைப்பைத் தொடங்கியிருந்தார். பத்திரிகைச் சந்தா சேர்த்துக்கொடுக்கும் பெண்களுக்குப் படிப்பு இலவசம் என்பது ஏற்பாடு.

அங்கே மண்பாண்டக் கலைக்குப் பெரிய ஸ்டூடியோ அமைத்து, உலகின் தேர்ந்த கைகளை ஒன்றுசேர்த்தார் லூயிஸ். பிரான்ஸிலிருந்து டோவா வந்தார். இங்கிலாந்தில் பிறந்த ஃபிரெடரிக் ஹர்டன் ரீட் வந்தார். 1910-ல் அடிலெய்டும் போனார். யாருடைய நூலைப் படித்துப் பீங்கான் கற்றாரோ, அவருக்கே சக ஆசிரியராக!

வண்டு ஜாடி: என்ன நடந்தது?

அங்கேதான் அந்த ஜாடி பிறந்தது. அதன் பெயர் ஸ்காராப் ஜாடி. ஸ்காராப் என்றால் சாணத்தை உருட்டிப் போகும் வண்டு. பழங்கால எகிப்தியர்களுக்கு அது புனிதச் சின்னம். தன் உடம்பைவிடப் பெரிய உருண்டையைத் தள்ளிக்கொண்டே போகும் அந்த வண்டை உழைப்பின் அடையாளமாக எடுத்துக்கொண்டார் அடிலெய்ட். உழைப்பாளியைத் தெய்வ நிலைக்கு உயர்த்துவது என்ற பொருளில் ஜாடிக்கு இன்னொரு பெயரும் உண்டு.

ஜாடியின் உடல் முழுக்க வரிசை வரிசையாக வண்டு வடிவங்கள். மூடியிலும் தாங்கும் பீடத்திலும் நுணுக்கமான வேலைப்பாடு. எல்லாமே காய்ந்த மண்ணில், கையால், ஒவ்வொரு துளியாகச் சுரண்டி எடுத்தது. 1,000 மணி நேரத்துக்கும் மேல் ஆனது இதற்குத்தான்.

சூளையிலிருந்து எடுத்தபோது அடிப்பகுதி பிளந்திருந்தது. பார்த்த டோவா, இனி இதைச் சூளைக்கு அனுப்பிச் சரிசெய்ய முடியாது, விரிசலைப் பசைபோன்ற ஒன்றால் அடைத்து மறைத்துவிடலாம் என்று யோசனை சொன்னார். உலகிலேயே பீங்கான் பற்றி அதிகம் தெரிந்தவர்களில் ஒருவர் சொன்ன யோசனை அது. யாராக இருந்தாலும் கேட்டிருப்பார்கள்.

அடிலெய்ட் கேட்கவில்லை. பீங்கானைத் தூளாக அரைத்தார். அந்தத் தூளை விரிசல்களுக்குள் நிதானமாகத் திணித்தார். மறுபடி பூச்சு பூசினார். மறுபடி சூளைக்கு அனுப்பினார். மறுசூட்டில் ஜாடி முழுவதுமாகச் சிதறிப்போகவும் வாய்ப்பு இருந்தது. மறைத்துவைத்த விரிசலோடு ஜாடி பத்திரமாக இருப்பதைவிட, அந்த அபாயமே மேல் என்று முடிவு செய்தார்.

சூளை திறந்தது. விரிசலைக் காணோம். ஜாடி முழுசாக வந்தது.

டூரினில் கிடைத்த மகுடம்

அடுத்த ஆண்டு, 1911-ல், இத்தாலியின் டூரின் நகரில் சர்வதேசக் கண்காட்சி நடந்தது. ஸ்காராப் ஜாடி உள்பட அடிலெய்டின் 55 பீங்கான் படைப்புகள் அங்கே வைக்கப்பட்டன. பெரும் பரிசான கிராண்ட் ப்ரீ அவற்றுக்குக் கிடைத்தது. பீங்கான் என்றாலே தங்கள் சொத்து என்று நினைத்த ஐரோப்பா, பெரும்பாலும் தானாகவே கற்றுக்கொண்ட ஒரு அமெரிக்கப் பெண்ணின் முன் தொப்பியைக் கழற்றியது. 1915-ல் சான் ஃபிரான்சிஸ்கோ உலகக் கண்காட்சியிலும் பெரும் பரிசு.

ஆனால் யுனிவர்சிட்டி சிட்டி கனவு நீடிக்கவில்லை. லூயிஸ் பணச்சிக்கலில் மாட்டினார். 1911-லேயே அடிலெய்ட் சிராகியூஸுக்குத் திரும்பிவிட்டார்.

பரிசு வாங்கிய கையோடு பாடம்

உச்சத்தைத் தொட்ட கலைஞர் அதன்பிறகு என்ன செய்வார்? சொந்த வேலைக்கு மட்டும் நேரத்தை ஒதுக்குவார். அடிலெய்ட் தன் வீட்டு ஸ்டூடியோவிலேயே கோடைகாலப் பள்ளி தொடங்கினார். பீங்கான் ஓவியம் தெரிந்தவர்கள் அங்கே மண் வேலையும் கற்கலாம். தான் எந்தப் படியைத் தயங்கித் தயங்கித் தாண்டினாரோ, அதே படியில் மற்றவர்களைக் கைபிடித்து ஏற்றும் வேலை.

பத்திரிகையும் நிற்கவில்லை. 1917-ல் சிராகியூஸ் பல்கலைக்கழகம் அவருக்குக் கௌரவ டாக்டர் பட்டம் கொடுத்தது. 1920-ல் அதே பல்கலைக்கழகத்தில் ஆசிரியராகச் சேர்ந்தார். அப்போது வயது 55. வாழ்வின் கடைசி ஆண்டுகள் வரை வகுப்பறையில்தான் இருந்தார். 1924-ல் 'கெராமிக் ஸ்டூடியோ' இதழ் 'டிசைன்' என்று பெயர் மாறியது. காலம் மாறி, வெள்ளைத் தட்டில் வரையும் மோகம் தணிந்திருந்தது. பள்ளிகளில் கலை சொல்லிக்கொடுக்கும் ஆசிரியர்கள் பக்கம் இதழ் திரும்பியது. ஆசிரியர் நாற்காலியில் மட்டும் மாற்றமில்லை.

1929 பிப்ரவரியில், 63 வயதில் சிராகியூஸில் காலமானார் அடிலெய்ட். அந்த ஆண்டு இறுதியில் நியூயார்க் மெட்ரோபாலிட்டன் அருங்காட்சியகம் அவருக்கு நினைவுக் கண்காட்சி நடத்தியது. பொழுதுபோக்கு என்று ஒருகாலத்தில் ஒதுக்கப்பட்ட வேலையிலிருந்து புறப்பட்ட ஒருவருக்கு, நாட்டின் முதன்மையான அருங்காட்சியகத்தில் கிடைத்த மரியாதை அது.

அவர் விட்டுச்சென்றது என்ன?

சிராகியூஸ் நுண்கலை அருங்காட்சியகம் 1916-லேயே அவரது 32 படைப்புகளை வாங்கியிருந்தது. அவர் மறைந்த பிறகு 1930-ல், சாமுவேலிடமிருந்து ஸ்காராப் ஜாடியும் இன்னும் பல படைப்புகளும் அங்கே வந்து சேர்ந்தன. அந்த அருங்காட்சியகத்துக்கு இன்றைய பெயர் எவர்சன் அருங்காட்சியகம். கட்டடக் கலைஞர் ஐ.எம்.பெய் வடிவமைத்த கட்டடத்தில் இயங்குகிறது. மண்பாண்டக் கலைக்கு அது பெயர்பெற்ற இடமாக வளர்ந்ததன் தொடக்கம் அடிலெய்டின் அந்த 32 பாத்திரங்கள்தான்.

1932-ல், பொருளாதாரப் பெருமந்தத்தின் நடுவே, அருங்காட்சியகத்தின் இயக்குநர் அன்னா வெத்ரில் ஓம்ஸ்டெட் அடிலெய்டின் நினைவாக மண்பாண்டக் கலைஞர்களுக்கு ஒரு கண்காட்சி தொடங்கினார். அது 'செராமிக் நேஷனல்' என்ற பெயரில் நாடு தழுவியதாக வளர்ந்து, பல பத்தாண்டுகள் புதிய கலைஞர்களுக்கு மேடையாக இருந்தது. அடிலெய்ட் உயிரோடு இருந்தபோது பத்திரிகை செய்த வேலையை, அவர் போன பிறகு அந்தக் கண்காட்சி செய்தது என்று சொல்லலாம்.

2000-ஆம் ஆண்டில் 'ஆர்ட் அண்ட் ஆன்டிக்ஸ்' இதழ், முந்தைய 100 ஆண்டுகளில் அமெரிக்காவில் உருவான மிக முக்கியமான மண்பாண்டக் கலைப்படைப்பு என்று ஸ்காராப் ஜாடியைத் தேர்வு செய்தது.

ஒரு பார்வையில் அடிலெய்ட் ராபினோ

- 1865: கனெக்டிகட் மாகாணம் மிடில்டவுனில் பிறப்பு
- 1899: திருமணம், 'கெராமிக் ஸ்டூடியோ' இதழ் தொடக்கம்
- 1904: செயின்ட் லூயிஸ் கண்காட்சியில் படிகப் பூச்சுப் பாத்திரங்கள்
- 1905: டோவாவின் தொழில்நுட்ப நூல் ஆங்கிலத்தில் வெளியீடு
- 1910: யுனிவர்சிட்டி சிட்டியில் ஸ்காராப் ஜாடி
- 1911: டூரினில் பெரும் பரிசு
- 1916: சிராகியூஸ் அருங்காட்சியகம் 32 படைப்புகளை வாங்கியது
- 1917: கௌரவ டாக்டர் பட்டம்
- 1920: சிராகியூஸ் பல்கலைக்கழக ஆசிரியர்
- 1929: மறைவு, மெட்ரோபாலிட்டன் அருங்காட்சியகத்தில் நினைவுக் கண்காட்சி
- 1932: அவர் நினைவாக மண்பாண்டக் கண்காட்சி தொடக்கம்

இவர் கதை இன்றைக்கும் ஏன் பேசப்படுகிறது?

கைத்தொழிலில் ஒரு பழைய பயம் உண்டு. தெரிந்ததைச் சொல்லிக்கொடுத்தால் நம் பிழைப்பு போய்விடும் என்ற பயம். மைசன் கோட்டைக்குக் காவல் போட்டதும் அந்தப் பயம்தான். அடிலெய்டின் வாழ்க்கை அதற்கு நேர் எதிராக நடந்தது. 30 ஆண்டுகள் அவர் தெரிந்ததையெல்லாம் அச்சில் போட்டார். அதனால் அவர் இடத்தை யாரும் பிடித்துவிடவில்லை. குறிப்பைப் படித்து யாரும் மண் கலக்கலாம், சூளை மூட்டலாம். விரிசல் விட்ட ஜாடியின் முன் உட்கார்ந்து மறுபடி தொடங்கும் பொறுமை மட்டும் அவரவர் கையில்தான் இருக்கிறது.

அதேபோல, பெரிய கலைஞராக ஆக மற்ற எல்லாவற்றையும் விட வேண்டும் என்று அவர் காத்திருக்கவும் இல்லை. மூன்று குழந்தைகள், மாதம் தவறாத ஒரு பத்திரிகை, வகுப்புகள், மாணவர்கள் எல்லாம் இருந்தபடியேதான் அந்த 1,000 மணி நேரமும் வந்தது. சாணத்தை உருட்டும் வண்டை அவர் ஏன் தேர்ந்தெடுத்தார் என்பது, அவருடைய ஒரு வார வேலைகளை எண்ணிப் பார்த்தாலே புரிந்துவிடும்.